தண்ணி வருதுல்ல!

ஒட்டன்சத்திரத்தில் எனக்குச் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கும் கடை. இருபத்து மூன்று வருடமாக வருகிற விவசாயிகளிடமெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன். "மாசத்துக்கு ரெண்டு தடவை லேட்டரல் கடைசியில இருக்கற எண்ட் கேப்பைக் கழட்டித் தண்ணிய ஓட விடுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா ஆசிட் ட்ரீட்மென்ட் குடுங்க." தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஏழெட்டு மாதம் கழித்து, வாடிய முருங்கைக் கொப்பு ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்து நிற்பார்கள். கழுவினீர்களா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "தண்ணிதான் வருதுல்லண்ணே, எதுக்குக் கழட்டறதுன்னு விட்டுட்டேன்."

இந்தப் பதிலைக் கேட்டு எத்தனையோ பேரை நான் கேலி செய்திருக்கிறேன். 2020 மே மாதம் இதே பதிலை என் மனைவிக்குச் சொல்லிவிட்டு, ஆகஸ்டில் ஐ.சி.யூ.வில் போய்ப் படுத்தேன். கழுவாமல் விட்ட குழாய் என் வயிற்றுக்குள் இருந்தது.

கல்லீரல் மாற்றியவன் என்றால் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "சரக்கு போடுவீங்களா?" என்பதுதான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதற்காக நான் யோக்கியன் ஆகிவிட மாட்டேன். சர்க்கரை நோய், முன்தள்ளிய வயிறு, கடை சாத்திவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா. 2011-இல் எடுத்த ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று போட்டிருந்தது. வலி ஏதும் இல்லை. அந்தக் காகிதத்தை எல்.ஐ.சி. ஃபைலுக்குள் மடித்து வைத்தேன். ஏழு வருடம் கழித்துக் கடை வாசலில் ரத்தவாந்தி எடுத்தபோது அது சிரோசிஸாக முற்றியிருந்தது. காகிதம் சொன்னால் கேட்காமல், வலி வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கும் புத்தி எனக்கு அன்றே இருந்திருக்கிறது.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்குப் பதிவு செய்து காத்திருந்தோம். வயிற்றில் நீர் கோத்தது. பேச்சுக் குழறியது, மகள் பெயர் மறந்தது. இனித் தாங்காது என்றார்கள். 2019 ஜூனில் என் மனைவியின் கல்லீரலில் வலப்பக்கத்தை, ஏறக்குறைய அறுபது சதவீதத்தை, எடுத்து எனக்கு வைத்தார்கள். கொடுத்தவருக்கு மிச்சமிருப்பதும் வாங்கியவருக்கு வந்ததும் சில மாதங்களில் வளர்ந்துவிடும். ஒன்றரை ஏக்கர் தோட்டம் போயிற்று. அவள் வயிற்றிலும் என் வயிற்றிலும் ஒரே மாதிரித் தழும்பு.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்தார். என் தொழில் அவருக்குத் தெரியும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டார்.

"ரத்தக்குழாய் எல்லாம் நல்லா ஓடுது. இனி நாம கண்ணு வெக்க வேண்டியது இந்தப் பித்தக்குழாய் ஜாயின்ட்ல. பைப் எங்க சார் ஒழுகும்?"

"ஜாயின்ட்லதான் டாக்டர்."

"எங்க அடைக்கும்?"

"அதுவும் அங்கதான்."

"அவ்ளோதான் சார். உங்களுக்கு நான் வேற என்ன சொல்றது?"

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அது குழாய் வழியாகக் குடலுக்குள் இறங்க வேண்டும். என் மனைவியின் பக்கத்திலிருந்து வந்த குழாய் முனை நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். என் பக்கத்துக் குழாய் அதைவிடப் பெரியது. முக்கால் இன்ச் பைப்பை ஒரு இன்ச் பைப்போடு சேர்க்க எங்கள் கடையில் ரெடியூசர் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது பூதக்கண்ணாடியும் முடி போன்ற நூலும்தான்.

அளவு மட்டும் பிரச்சினை இல்லை. கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. முக்கால் பங்குக்கு அருகே குடலிலிருந்து வரும் பெரிய சிரை கொண்டுவருகிறது, மீதியைத் தமனி கொண்டுவருகிறது. பித்தக்குழாய்க்கோ அந்தத் தமனி ஒன்றுதான் கதி. சாதாரண உடம்பில் குழாயின் கீழ்ப்பகுதிக்குக் கீழேயிருந்தும் சின்னச் சின்ன நாளங்கள் ஏறிவரும். கல்லீரலை வெட்டி எடுக்கும்போது அவை அறுந்துபோகும். ஆகவே தைக்கப்போகும் அந்த முனை, வாய்க்காலின் கடைமடை. அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கடைமடைக்காரன் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். ரத்தம் போதாத இடத்தில் தையல் ஆறும்போது தழும்பு கட்டுகிறது, தழும்பு நாளாக நாளாகச் சுருங்கும், குழாய் இறுகும். கேம்பிரிட்ஜில் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிய ராய் கால்ன் 1970-களிலேயே இந்த இணைப்பைக் கிரேக்க வீரன் அக்கிலிஸின் குதிகால் என்றாராம். நம் கதையில் சொன்னால் துரியோதனன் தொடை. உடம்பெல்லாம் இரும்பாக இருந்தாலும் அடி அங்கேதான் விழும்.

மூளைச்சாவு அடைந்தவரின் முழுக் கல்லீரலைப் பொருத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு இந்தச் சுருக்கம் வருகிறது. என்னைப் போல உயிரோடு இருப்பவரின் பகுதிக் கல்லீரலை வாங்கியவர்களில் 30 பேர் வரைக்கும் வருகிறது. முதல் சில வாரங்களில் தையல் ஒழுகுவதும் உண்டு. எனக்கு ஒழுகவில்லை. ஐந்தாவது மாதம் இறுகியது.

அதை முதலில் கண்டுபிடித்தது காகிதம்தான். 2019 அக்டோபரில் மாதாந்திர ரத்தப் பரிசோதனை. காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவோடு கல்லீரல் கணக்கையும் பார்ப்பார்கள். அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜி.ஜி.டி. என்ற இரண்டு எண்களும் மூன்று மடங்கு ஏறியிருந்தன. மஞ்சள்காமாலையைக் காட்டும் பிலிருபின் லேசாகத்தான் கூடியிருந்தது. திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்தேன். குழாய் விரிவடையவில்லை, நார்மல் என்று வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சென்னைக்கு அனுப்பினால் டாக்டர் போனில் சொன்னார்: "மாத்தி வெச்ச கல்லீரல்ல அடைப்பு இருந்தாலும் குழாய் வீங்காம இருக்கும் சார். ஸ்கேன் நார்மல்ங்கறத நம்ப முடியாது. கிளம்பி வாங்க."

உடம்பு புதிய கல்லீரலை ஏற்க மறுத்தாலும் எண்கள் இப்படி ஏறலாம். மறுப்பு என்றால் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். அடைப்போடு கிருமியும் சேர்ந்திருக்கிறது என்றால் அதே மருந்தைக் கூட்டுவது ஆபத்து. எது என்று பார்க்க எம்.ஆர்.சி.பி. எடுத்தார்கள். ஊசி, குழாய் எதுவும் இல்லாமல் பித்தக்குழாயின் கிளைகளை மரம்போல் காட்டும் ஸ்கேன். மேலே அகலம், கீழே அகலம், நடுவில் உடுக்கையின் இடுப்புப் போல இறுக்கம். வலி வரவில்லையே என்று கேட்டேன். மாற்றி வைத்த கல்லீரலுக்கு வரும் நரம்புகள் எல்லாம் அறுபட்டவை, அதனால் மற்றவர்களுக்கு வருகிற வலி உங்களுக்கு வராமலே போகலாம் என்றார் டாக்டர். இந்த ஒரு வாக்கியத்தை அன்றே நெஞ்சில் எழுதி வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

நவம்பரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போய் இறங்கினோம். மறுநாள் இ.ஆர்.சி.பி. ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. அந்த அறையில் எல்லாரும் ஈய அங்கி போட்டுக்கொண்டு கவசம் தரித்த சேவகர்கள் மாதிரி நின்றார்கள், எக்ஸ்-ரே ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால். தொண்டையில் ஒரு கசப்பு ஸ்பிரே, நாக்கு கட்டையானது. பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். குப்புறப் படுக்க வைத்தார்கள். பால் போல ஒரு மருந்து கையில் ஏறியதைப் பார்த்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நடந்ததைப் பிறகு படத்தோடு காட்டினார்கள். வாய் வழியாக, இரைப்பை தாண்டி, முன்சிறுகுடலுக்குள் குழாய் போகிறது. சாதாரண எண்டோஸ்கோப்புக்கு முன்னால் கண், இதற்குப் பக்கவாட்டில். ஏனென்றால் பித்தநீர் வந்து விழும் மடைவாய் குடலின் பக்கச் சுவரில், ஒரு சின்னக் காம்பு மாதிரி இருக்கிறது. அதன் வாயை மின்கம்பியால் சற்றே கீறி, நூல் கனமான ஒரு வழிகாட்டிக் கம்பியை ஏற்றுகிறார்கள். சாயம் விட்டதும் எக்ஸ்-ரேயில் குழாய் தெரியும். அந்தக் கம்பி இறுக்கத்தைத் தாண்டி மேலே போய்விட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கம்பியின் மேலேயே ஒரு பலூனை நகர்த்தி, தையல் இடத்தில் ஊதுகிறார்கள். ஊதத் தொடங்கும்போது பலூனும் உடுக்கையாகத்தான் நிற்கிறது. மெல்ல மெல்ல இடுப்பு மறைந்து உருளையாகிறது. பிறகு அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை விட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். என் கையில் ஒரு மாதிரியைக் கொடுத்தார்கள். மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான விட்டம், நழுவாமலிருக்க இரண்டு முனையிலும் சின்னச் சிறகு. எங்கள் கடையில் டிரிப்பருக்கு விற்கும் மைக்ரோ டியூப் போலவே இருந்தது.

பலூனோடு முடித்துக்கொள்ளக் கூடாதா என்று மகள் கேட்டாள். தழும்புக்கு ரப்பர் புத்தி, விட்டால் பழையபடி சுருங்கும் என்றார் டாக்டர். அதனால் ஒரு வருடம் போல உள்ளே முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். முதல் தடவை ஒரு ஸ்டென்ட், அடுத்த தடவை பக்கத்தில் இன்னொன்று, அதற்கடுத்து மூன்று. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திக்கொண்டே போவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றியே தீர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் மகள் செல்போனில் இதைப் பற்றியே படித்துக்கொண்டு வந்தாள். இந்த முறையில் மடைவாய்க்குள் முதன்முதலாகச் சாயம் விட்டது 1968-இல், வாஷிங்டனில். மடைவாயைக் கீறும் வித்தை 1974-இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தனித்தனியாகப் பிறந்தது. 1980-ஐ ஒட்டி ஹாம்பர்க்கில் நிப் சோஹென்ட்ரா என்ற இந்தோனேசியாவில் பிறந்த மருத்துவர் வாய் வழியாகவே ஸ்டென்ட் வைத்துக் காட்டினார். அதற்கு முன்னால் என்றால் உங்கள் வயிற்றைத்தான் மறுபடி திறந்திருப்பார்கள் என்றாள். என் தழும்பை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

2020 பிப்ரவரியில் இரண்டாவது தடவை. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று சாயங்காலம் மேல்வயிற்றில் கத்தி செருகியது போல வலி. கணையம் வீங்கிவிட்டது. பித்தக்குழாயும் கணையக்குழாயும் ஒரே வாசலில் வந்து சேர்வதால் இந்தச் சிகிச்சையில் நூற்றில் சிலருக்கு இப்படி ஆகும். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், தடுக்க மருந்தும் வைத்திருந்தார்கள். இருந்தும் வந்தது. நான்கு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தேன். அடுத்த தேதி மே 14 என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

மார்ச் 25-இல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது.

யார் கேட்டாலும் நான் சொல்லிவந்த கதை இதுதான்: ரயில் இல்லை, பஸ் இல்லை, சென்னையில் கொரோனா, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தின்கிறவன் எப்படிப் போவது? கேட்டவர்கள் எல்லாரும் நியாயம்தான் என்றார்கள். ஆனால் மருத்துவத்துக்கு இ-பாஸ் கொடுத்தார்கள். மே மாதம் என் மகள் விண்ணப்பம் போட்டு வாங்கியும் விட்டாள். மருத்துவமனையிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நான்தான் போகவில்லை. ஊரடங்கு எனக்குக் கிடைத்த சாக்கு.

உண்மையான காரணங்கள் மூன்று. முதலாவது பயம். பிப்ரவரியில் பட்ட வலி என்னைக் கோழையாக்கியிருந்தது. இரண்டாவது பணம். கடை ஐம்பது நாள் பூட்டிக் கிடந்தது. ஒரு சிகிச்சைக்கு ஆகும் தொகையை மனைவியின் இரண்டு வளையலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதுதான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை சென்னைக்குக் கிளம்பும்போதும் அவள் முகம் சின்னதாகிப் போகும். தான் கொடுத்தது சரியில்லாமல் போயிற்றோ என்று அவள் நினைப்பதாக நானே நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை போகாமல் இருந்தால் அவளுக்கும் ஒரு நிம்மதி என்று தோன்றியது.

மே 14 அன்று காலண்டரைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள், "என்னங்க, இன்னிக்குத்தானே தேதி?"

"நல்லாத்தானே இருக்கேன். சாப்பிடறேன், தூங்கறேன். எதுக்கு இப்பப் போய்?"

என்ன பதில் சொல்கிறேன் என்று அப்போது என் காதில் விழவில்லை.

ஜூன் கடைசியில் அரிப்பு தொடங்கியது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், ராத்திரியில்தான் அதிகம். அவள் எழுந்துவிடக் கூடாது என்று கொல்லைப்பக்கம் போய்ச் சீப்பால் சொறிந்துகொள்வேன். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்கு வந்தது. மலம் சுண்ணாம்பு போல வெளுத்தது. பித்தம் குடலுக்கு இறங்காவிட்டால் மலத்துக்கு நிறம் கிடையாது. ரத்தத்தில் கலந்து சிறுநீரில் போகும். படம் போட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். பித்தம் தலைக்கேறியவன் கதையைக் கேட்டிருப்பீர்கள். இது பித்தம் கீழே இறங்காதவன் கதை.

மாதாந்திர ரத்தப் பரிசோதனையையும் இரண்டு மாதம் விட்டுவிட்டேன். லேப்புக்குப் போய்விட்டு வந்ததாக மகளிடம் பொய் சொன்னேன். போதாததற்கு, கடையில் வேலை செய்கிறவர் தன் தோட்டத்திலிருந்து கீழாநெல்லி பிடுங்கிக் கொண்டுவந்தார். அதை அரைத்து மோரில் கலக்கிப் பத்து நாள் குடித்தேன். உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவன் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையையும் தொடக் கூடாது, மாத்திரையின் அளவே ரத்தத்தில் மாறிப்போகலாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அடைத்த குழாயை எந்தக் கீரையாலும் திறக்க முடியாது என்பது பைப் விற்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் குடித்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு ராத்திரி குளிர் எடுத்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். அந்த வருடம் காய்ச்சல் என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? திண்டுக்கல்லில் முதலில் கொரோனா பரிசோதனை. முடிவு வருவதற்குள் ஒன்றரை நாள் போய்விட்டது. தொற்று இல்லை. அதற்குள் கண் மஞ்சளாகி, ரத்த அழுத்தம் இறங்கி, நான் ஏதேதோ பேச ஆரம்பித்திருந்தேன். மகள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக் காட்டியிருக்கிறாள். இரண்டு கோடு போட்ட அந்த வரியைப் படித்ததும் அங்கிருந்த டாக்டர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். ஏழு மணி நேரம் ஓடிச் சென்னை சேர்ந்தோம். பிலிருபின் 9.4.

நடுராத்திரியில் மூன்றாவது இ.ஆர்.சி.பி. பழைய ஸ்டென்ட்டுகளை உருவியதும் பின்னாலேயே சீழ் கொட்டியது என்று பிறகு சொன்னார்கள். மூன்று மாதம் இருக்க வேண்டிய ஸ்டென்ட் ஆறு மாதம் இருந்து, அடைத்து, தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகி, ரத்தத்துக்குள் ஏறியிருந்தது. எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைத்தால் கல்லீரல் போய்விடும், குறைக்காவிட்டால் கிருமி ஜெயிக்கும். அந்தக் கயிற்றின் மேல் என்னைப் பதினோரு நாள் நடத்திக் காப்பாற்றினார்கள்.

ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்த அன்று, முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிய என் மனைவி வந்து உட்கார்ந்தாள். அரிப்பு, கீழாநெல்லி, லேப் பொய் எல்லாம் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான் குடுத்ததுக்கு ஒண்ணும் ஆகலையாம். உங்க பக்கத்துக் குழாயும் நல்லாத்தான் இருக்காம். ரெண்டும் சேர்ற எடந்தான் இறுகுதாம். டாக்டர் சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "சேர்ற எடம் இறுகும்ங்க. அதுக்கு எதுக்கு எங்கிட்ட ஒளிக்கணும்?"

எனக்குப் பதில் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை.

மறுநாள் ரவுண்ட்ஸில் நான் கேட்டதன் பேரில் டாக்டர் அந்த இரண்டு ஸ்டென்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவரச் சொன்னார். நீலக் குழாய்கள். ஒன்றை நீளவாக்கில் கீறியிருந்தார்கள். உள்ளே கரும்பச்சையாக, சேறு போல, விரல் வைத்தால் வழுக்குகிற மாதிரி ஒன்று முழுக்க அடைத்திருந்தது. கிருமிகள் முதலில் உட்சுவரில் ஒரு வழுவழுப்பான படலம் கட்டும், அதன் மேல் பித்தத்தின் உப்பும் நிறமியும் படிந்துகொண்டே போகும் என்றார். அவர் விளக்கவே தேவையில்லை. பதினாறு எம்.எம். லேட்டரலை அறுத்துப் பார்த்தால் இதே வழுவழுப்புப் பாசி, அதன் மேல் இதே உப்பு. நிறம்தான் வேறு. நூற்றுக்கணக்கான தடவை கத்தரித்துக் காட்டி, "பாருங்க, இதான் உங்க தண்ணி" என்று நான் விவசாயிகளிடம் சொல்லியிருக்கிறேன். டிரிப்பர் ஒரே நாளில் அடைவதில்லை. மணிக்கு நாலு லிட்டர் விட்டது மூன்று விடும், இரண்டு விடும். மண் ஈரமாகத்தான் தெரியும். செடி வாடுகிற அன்றைக்குத் தண்ணீர் நின்று வெகுநாள் ஆகியிருக்கும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று நான் சொன்ன மே 14-க்குக் கணக்கு இதுதான்.

அந்த வார்டில் படுத்திருந்தபோது நர்ஸ் ஒருவர் சொன்ன சேதி ஒன்று மனதில் நின்றுவிட்டது. 1963-இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக மனிதனுக்குக் கல்லீரல் மாற்றினார். மூன்று வயதுக் குழந்தை. பித்தக்குழாய் உருவாகாமலே பிறந்தது. ரத்தப்போக்கில் இறந்துவிட்டது. 1998-இல் டெல்லியில், இந்தியாவில் முதன்முறையாக ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றினார்கள். அந்தக் குழந்தைக்கும் அதே நோய். ஊர் நம் காஞ்சிபுரம். கொடுத்தவர் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டருக்கே படித்துவிட்டது. "அந்தக் குழந்தையெல்லாம் ஒழுங்கா செக்கப்புக்கு வந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் என் டிரிப்பை மாற்றினார். சொன்னது சேதியா, குத்தலா என்று தெரியவில்லை. இரண்டுமாக எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு தேதியையும் விடவில்லை. நவம்பரில் மூன்று ஸ்டென்ட். 2021 பிப்ரவரியில் மாற்றினார்கள். உலோக ஸ்டென்ட் வைத்தால் இத்தனை தடவை வர வேண்டாமே என்று கேட்டேன். உறை போட்ட உலோக வலை விரிந்து நிற்கும், சில மாதம் தாங்கும், தடவைகள் குறையும். ஆனால் எனக்கு இணைப்பு கல்லீரலை ஒட்டி மேலே, கிளை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வலை வைத்தால் கிளைக்குழாயின் வாயை மூடிவிடும். வாய் வழியாகக் கம்பி இறுக்கத்தைத் தாண்டாதவர்களுக்கு விலா இடுக்கில் ஊசி போட்டு மேலேயிருந்து இறங்குகிறார்கள். குழாயைக் குடலோடு நேராகத் தைத்த குழந்தைகளுக்கும் பெரும்பாலும் அதுதான் வழி. எதுவும் பலிக்காவிட்டால் மறுபடி கத்தி. தமனியே அடைத்து உள்ளிருக்கும் குழாய்கள் எல்லாம் கெட்டுப்போனால் இன்னொரு கல்லீரல்தான். தையல் இடத்தில் மட்டும் சுருங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பொறுமையாக ஸ்டென்ட் மாற்றிக்கொண்டே வந்தால் சரியாகிவிடுகிறது. மருந்தைவிடக் காலண்டர் முக்கியமான சிகிச்சை இது.

2021 மே மாதம் மறுபடி ஊரடங்கு. இந்தத் தடவை இ-பதிவு போட்டுக்கொண்டு முந்தின நாளே சென்னையில் இருந்தேன். ஆறாவது இ.ஆர்.சி.பி. எல்லா ஸ்டென்ட்டையும் எடுத்துவிட்டுச் சாயம் விட்டுப் பார்த்தார்கள். சாயம் தடையில்லாமல் குடலுக்குள் இறங்கியது. அந்தப் படத்தை மகள் எனக்குக் காட்டினாள். உடுக்கையைக் காணோம். திரும்பச் சுருங்கும் வாய்ப்பு உண்டு என்பதால் ரத்தப் பரிசோதனையை இன்றும் நிறுத்தவில்லை.

கடையில் இப்போது ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். சொட்டுநீர் போட்ட ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே கழுவ வேண்டிய தேதி. அந்தத் தேதியில் நானே போன் போடுவேன். "தண்ணி வருதுல்லண்ணே" என்பார்கள். இப்போது சிரிப்பதில்லை. கழுவிவிட்டு எனக்குப் போட்டோ அனுப்புங்கள் என்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. அதில் டிக் போடுவது என் மனைவி. ரிப்போர்ட்டை அவள் கண்ணால் பார்க்காமல் போட மாட்டாள்.

ஸ்டென்ட் என்றதும் இதயம்தான் பலருக்கு நினைவு வரும். அது உள்ளேயே இருப்பதற்காக வைப்பது. பித்தக்குழாயில் வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டோ எடுப்பதற்காக வைப்பது. பித்தக்கல்லுக்கு வைத்தவர்களும் உண்டு. சிறுநீரகக் கல்லுக்கு வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட்டும் அப்படித்தான்; மறந்துவிட்டால் அதன் மேலேயே கல் கட்டும். வலி நின்றதும் மறந்துபோனவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வார்டில் கிடந்தபோது கண்ணால் பார்த்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒன்று வைத்திருந்தால், இதைப் படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு தேதி இருக்கும். அது தாண்டியிருந்தால் இன்றைக்கே போன் போடுங்கள்.